கிட்டங்கி: காவலும் கணக்கும்



நம்மவர் கூடும் இடமெல்லாம் கடையைப் பற்றியும் கொள்முதலைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. கிட்டங்கியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சரக்கு கெட்டுப்போனால் அல்லது களவு போனால்தான் அதன் ஞாபகம் வருகிறது. அந்த இருட்டறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைப் பற்றிச் சில காலமாகப் படித்ததையும், சொந்தத்தில் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் கிட்டங்கி என்கிறோம். மலாய்க்காரர் குடாங் என்கிறார். வெள்ளைக்காரர் கோடவுன் என்று எழுதி வைத்தார். இம்மூன்றும் ஒரே சொல்லின் மூன்று உருவங்கள் என்றே அகராதிக்காரரில் பெரும்பாலோர் கருதுகின்றனர். தமிழில் கிடங்கு என்றால் பள்ளம், அகழி. பொருள் சேமிக்கும் இடத்துக்கும் அதே பெயர். தெலுங்கில் கிட்டங்கி. மூலம் தமிழா தெலுங்கா என்பதில் அவர்களுக்குள் பேதம் உண்டு. நம் கரையிலிருந்து புறப்பட்ட அச்சொல் மலாய் நாட்டுத் துறைமுகங்களில் குடாங் ஆயிற்று. போர்த்துக்கீசியர் அதைக் காதால் கேட்டு எடுத்துக்கொண்டனர். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஆங்கிலத்திலும் ஏறிவிட்டது. கடை என்பது கெடாய் ஆனதும், பெட்டி பெத்தி ஆனதும், கப்பல் காப்பால் ஆனதும், முதல் என்பது மோடால் ஆனதும் இதே வழியில்தான். இச்சொற்களின் வரிசையைப் பார்த்தாலே நம் முன்னோர் இக்கரைக்கு என்ன வேலையாக வந்தனர் என்று விளங்கிவிடும்.

அரபு வியாபாரிகளும் இதில் குறைந்தவர் அல்லர். சேமிப்பு அறைக்கு அரபியில் மக்ஸன் என்று பெயர். அது ஸ்பெயினில் அல்மஸேன், போர்த்துக்கலில் அர்மஸேம், இத்தாலியில் மகஸ்ஸினோ, பிரான்சில் மகஸான் என்று போயிற்று. ஆங்கிலேயர் மருந்தும் குண்டும் வைக்கும் அறையை மாகஸின் என்றனர்; பிறகு பல விஷயங்களைச் சேர்த்துக் கட்டும் பத்திரிகைக்கும் அப்பெயரையே வைத்தனர். ஆகவே, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாள்களும் ஒருவகைக் கிட்டங்கியே. உள்ளே இருக்கும் சரக்கு எப்படி என்பதை வாசகர்தான் சொல்ல வேண்டும்!

கிட்டங்கியைப் பற்றி நமது மதரஸாப் பருவத்தில் கேட்ட பாடம் ஸூரத்து யூசுபில் உள்ளது. மிஸ்ரு தேசத்து அரசனின் கனவுக்கு நபி யூசுப் (அலை) அவர்கள் விளக்கம் கூறியதையும், ஏழு வருஷ விளைச்சலில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவைத் தவிர மற்றதைக் கதிரோடு விட்டுவைக்கும்படி சொன்னதையும் நாம் அறிவோம். கதிரோடு என்று சொன்னது ஏன்? மூடிய தானியத்தில் வண்டு எளிதில் புகாது. நம் கடையிலேயே பார்க்கலாம். அரிசி சில மாதத்தில் வண்டு வைக்கிறது, நெல்லாக இருந்தால் வருஷம் தாண்டியும் நிற்கிறது. பிற்பாடு தேசத்தின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி அரசனிடம் கேட்டபோது, அந்நபியவர்கள் தம்மிடம் உள்ளதாகக் கூறிய தகுதிகள் இரண்டு (12:55). ஒன்று ஹிப்ளு, அதாவது காவல். மற்றது இல்மு, அதாவது அறிவு. பலத்தையும் சொல்லவில்லை, வம்சத்தையும் சொல்லவில்லை. நாம் படித்த அளவில், எந்தத் தேசத்துக் கிட்டங்கிச் சரித்திரத்தை எடுத்தாலும் இவ்விரண்டிலும்தான் வந்து நிற்கிறது. பொருள் கெடாமல் காப்பது காவல். யாருடையது, எவ்வளவு, யாருக்காக என்று தெரிந்து வைப்பது அறிவு.

காவலின் முதல் எதிரி திருடன் அல்லன், ஈரம். நம் நாட்டில் சோளமும் கேழ்வரகும் வறண்ட சீமையில் பூமிக்குள் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, மேலே மண்ணால் மூடி வைக்கப்பட்டன. மழையும் ஊற்றும் மிகுந்த இடங்களில் அது நடவாது. அங்கே மண்ணால் வனைந்த குதிர், பலகையால் செய்த பத்தாயம் என்று தரையை விட்டு மேலே ஏறிவிட்டனர். பாபநாசத்துக்கு அருகில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். கடல் கடந்து சுமத்திராவின் மினாங்கபாவ் நாட்டுக்குப் போனால், வீட்டு முற்றத்தில் உயரமான கால்கள் மேல் நிற்கும் ரங்கியாங் என்னும் நெல் வீடுகளைக் காணலாம்.

ரோமாபுரி அரசாங்கம் பட்டாளத்துக்கென்று கட்டிய தானியக் கிடங்குகளில், சிறு தூண்கள் அல்லது குட்டைச் சுவர்கள் மேல் தளத்தை ஏற்றி, அடியில் காற்று ஓட வழி விட்டிருந்தார்கள். தென் அமெரிக்காவில் இன்கா அரசர்கள் காற்றும் குளிரும் உள்ள மலைச்சரிவில் வரிசை வரிசையாகக் கிடங்குகள் கட்டினார்கள். வானுக்கோ பம்பா என்ற ஒரே இடத்தில் ஏறத்தாழ 500 கிடங்குகள் கண்டெடுக்கப்பட்டன. மக்காச்சோளத்துக்கு வட்ட அறை, உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளுக்கு நீள்சதுர அறை என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். ரோமனும் இன்காவும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இருவருக்கும் பாடம் சொன்ன வாத்தியார் ஈரந்தான்.

நமக்கும் அதே வாத்தியார் ஒருமுறை பாடம் சொன்னார். பல வருஷங்களுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவர், நம்மிலும் வயதில் மூத்த சகோதரர், தம் காய்ந்த மிளகாய் மூட்டைகளை ஒரு மாதம் நமது கிட்டங்கியில் வைத்திருக்கக் கேட்டார். சம்மதித்தோம். அச்சமயம் நமது சரக்கும் நிறைய வந்திருந்தது. நம் மூட்டைகளைப் பலகைக் கட்டைகள் மேல் நடுவில் அடுக்கிவிட்டு, இடம் போதாமல் அவர் மூட்டைகளைத் தரையில் சுவரோடு சாய்த்து அடுக்கிவிட்டோம். வடகிழக்குக் காற்று மாறும் வேளையில் ஒரு வாரம் விடாத மழை. பழைய சுவர் உள்ளே வியர்த்தது. அவர் வந்து எடுத்தபோது சுவர்ப் பக்கத்து மூட்டைகள் எல்லாம் பூசணம் பிடித்து, சாக்கைத் தொட்டாலே புகை போல் தூள் எழும்பிற்று.

வாடகை வாங்காமல் வைத்த சரக்குத்தானே, நமக்கென்ன பொறுப்பு என்று முதலில் வாதாடினோம். வழக்கு ஒரு ஹஸரத்திடம் போயிற்று. பிறர் பொருளை அமானத்தாக, வதீஆவாக வைத்திருப்பவன் காவலில் குறை வைக்காத வரையில் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன் என்ற சட்டத்தை நாம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உம்ம சொந்த மூட்டையை ஏன் அந்தச் சுவர் ஓரம் வைக்கல்லே?" பதில் இல்லை. முழு விலையையும் மூன்று தவணையில் கொடுத்தோம். அந்தச் சகோதரர் பிறகு நம்மிடம் சரக்கு வைக்கவில்லை. அதற்கப்புறம் நம் கிட்டங்கியில் சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவு இடம் விடாமல் எந்தச் சரக்கும் ஏறுவதில்லை.

இனி அறிவு, அதாவது கணக்கு. இதில் ஓர் அதிசயம் உண்டு. உலகத்தில் மனிதன் எழுதியவற்றுள் மிகப் பழையன என்று இராக்கின் உருக் நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளைச் சொல்கின்றனர். ஏறத்தாழ 5,300 வருஷங்களுக்கு முந்தியவை. அவற்றுள் பெரும்பாலானவை கணக்குகள். தானியம் இத்தனை, ஆடு இத்தனை, யாருக்குக் கொடுத்தது என்ற பற்று வரவு! எழுத்தின் பிறப்பிடம் புலவன் வீடு அன்று, கிட்டங்கி. நம் கணக்குப்பிள்ளைமார் இதை அறிந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள்.

குஜராத்தில் லோத்தல் என்னும் சிந்து நாகரிகத் துறைமுக ஊரில், உயர்ந்த மேடை மேல் 64 சதுரக் கட்டைகளாகக் கட்டிய கிட்டங்கி ஒன்றை எஸ். ஆர். ராவ் அவர்கள் 1950களில் தோண்டி எடுத்தார். அது எரிந்து போன கட்டடம். எரிந்ததனால் ஒரு நன்மை விளைந்தது. சரக்குச் சிப்பங்களின் மேல் ஒட்டியிருந்த களிமண் முத்திரைகள் சுட்டுக் கெட்டியாகி, 65 முத்திரைகள் வரை மிஞ்சின. முன்பக்கம் உரியவரின் முத்திரை. பின்பக்கம் பாயும் சாக்கும் கயிறும் பதிந்த தடம். அந்தக் கயிறு மட்கி நாலாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் அந்த முடிச்சு எப்படிப் போடப்பட்டது என்பது இன்றும் தெரிகிறது.

தமிழ்நாட்டுக் கரையிலும் இதற்குச் சான்றுண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளின் மேல் சோழனின் புலி முத்திரை குத்தி வெளியே அனுப்பிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945ஆம் வருஷம் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ஏறத்தாழ 150 அடி நீளமான கட்டடம் ஒன்று தென்பட்டது. ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த காலத்துக் கிட்டங்கி அது என்று அவர் முடிவு செய்தார். எழுத்தே இல்லாத இன்காக்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். அதற்குக் கீப்பு என்று பெயர். முடிச்சின் வகையும் இடமும் எண்ணைக் காட்டும். எழுத்து வேண்டாம், கணக்கு இல்லாமல் மட்டும் கிட்டங்கி இல்லை.

சொந்தச் சரக்குக்குக் கணக்கு எளிது. ஊர் விட்டு ஊர் வந்தவனின் சரக்குக்குத்தான் சிரமம். அதற்காகவே நம் முஸ்லிம் நகரங்களில் பொந்துக்கு, கான், வகாலா என்ற கட்டடங்கள் எழுந்தன. கைரோவில் அல்அஸ்ஹர் பள்ளிக்கு அருகில் சுல்தான் கூரி 1504-05இல் கட்டிய வகாலா இன்றும் இருக்கிறது. நடுவே முற்றம், கீழே சுற்றிலும் கிட்டங்கி அறைகள், மேலே வியாபாரிகள் தங்கும் அறைகள், எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். பொந்துக்கு என்ற சொல்லை வெனிஸ் நகரத்தார் பொந்தாக்கோ என்று எடுத்துச் சென்றனர். ஜெர்மன் வியாபாரிகள் தமக்கென்று ஒதுக்கிய பொந்தாக்கோவில்தான் தங்க வேண்டும், சரக்கையும் அங்கேதான் இறக்க வேண்டும் என்பது அவ்வூர்ச் சட்டம். 1621இல் துருக்கி முஸ்லிம் வியாபாரிகளுக்கும் ஒரு பொந்தாக்கோ ஏற்பட்டது. அதற்குள் தொழுகைக்கு அறையும் குளிக்க ஹம்மாமும் இருந்தன. வந்தவனைக் கௌரவிப்பதும் அதுவே, கண்காணிப்பதும் அதுவே.

கணக்கு முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஹதீஸ் கிதாபுகளில் ஓர் உதாரணம் உண்டு. ஹிஜ்ரி 18ஆம் வருஷம் அரபு நாட்டில் கொடிய பஞ்சம். கலீபா உமர் (ரலி) அவர்கள் மிஸ்ரிலிருந்து தானியம் தருவித்தார்கள். மதீனாவின் துறைமுகமாகிய அல்ஜார் என்ற இடத்தில் கப்பல்கள் வந்து இறக்கின. வழிப்போக்கருக்கு மாவும் பேரீச்சம்பழமும் வைத்திருந்து கொடுக்க மாவு வீடு ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். பின்னாளில் மர்வான் மதீனாவுக்கு அதிகாரியாக இருந்த காலத்தில், அல்ஜார் தானியத்துக்கு மக்களிடம் சீட்டு கொடுக்கப்பட்டது. தானியத்தைக் கண்ணால் காணாமலே சீட்டை ஒருவர் மற்றொருவருக்கு விற்கத் தொடங்கினர். ஸஹாபாக்கள் மர்வானிடம் சென்று கண்டித்தார்கள். உணவைக் கைப்பற்றாமல் மறுபடி விற்கக் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை ஆதலால், காவலாளரை அனுப்பி அச்சீட்டுகளை வாங்கி உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கச் செய்தார் மர்வான்.

இது வெறும் கிதாபு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் வருஷம் கழித்து ஜப்பானில் ஒசாகா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தையில் பிரபுக்களின் கிட்டங்கி அரிசிக்குச் சீட்டு விற்றார்கள். 1730இல் அரசாங்கமே அதற்கு அனுமதி தந்தது. கிட்டங்கியில் இல்லாத அரிசிக்கும் சீட்டு எழுதப்பட்டது! அல்ஜாரில் ஸஹாபாக்கள் எதைக் கண்டு பயந்தார்களோ அது அங்கே நடந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது ஜார்ஜ் டவுனில் கடல் எங்கே இருந்தது என்று இளைஞர்களைக் கேட்டால் வெல்ட் கீயைக் காட்டுவர். அது பிழை. பீச் ஸ்திரீட் என்ற பெயரே சாட்சி, அதுதான் கடற்கரை. வியாபாரிகள் முன்பக்கம் கடையும், பின்பக்கம் நேரே கடலில் இறங்கும் கிட்டங்கியுமாகக் கட்டிக்கொண்டார்கள். தெருக்கள் கடலைத் தொடும் இடங்களில் தோணிகள் சரக்கு இறக்கும் துறைகள் இருந்தன. 1880களில் தொடங்கி 1904 வாக்கில் முடிய, கடலைத் தூர்த்துப் புது நிலம் எடுத்தார்கள். கவர்னர் வெல்ட் பெயரால் அக்கரைக்கு வெல்ட் கீ என்று பெயர் வந்தது. தெருக்களும் நீண்டன. நீண்ட பகுதிகளுக்குத்தான் சூலியா ஸ்திரீட் காட், ஆர்மீனியன் ஸ்திரீட் காட், சர்ச் ஸ்திரீட் காட் என்று பெயர். காட் என்றால் இந்துஸ்தானியில் படித்துறை. இன்று மலாயில் காத் என்று பலகையில் பார்க்கிறோம். அந்த இடத்தில் படியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அச்சே மிளகும், ரங்கூன் அரிசியும், பாக்கும், கிராம்பும், ஜாதிக்காயும், நாகூர் நாகப்பட்டினத்திலிருந்து வந்த துணிச் சிப்பங்களும் அந்தக் கிட்டங்கிகளில் அடுத்தடுத்து இருந்தன. பிக்குல், காத்தி என்ற நிறுவையில் கணக்கு. தீர்வை இல்லாத் துறைமுகம் என்பதே இத்தீவின் ஜீவன். தீர்வை இல்லை என்றால் சரக்கை இறக்கி வைத்து, நல்ல சமயம் பார்த்து வேறு கப்பலில் ஏற்றலாம். ஆகவே பினாங்கு நகரமே ஒரு பெரிய கிட்டங்கியாக இருந்தது என்று சொன்னாலும் தகும். செட்டியார்கள் பலர் ஒரே கட்டடத்தில் பெட்டியடி போட்டு லேவாதேவி நடத்திய இடத்துக்கும் கிட்டங்கி என்றே பெயர். அங்கே சேமித்தது சரக்கன்று, நாணயம். இரண்டு பொருளிலும் சொல்கிறோம்.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. சில நாளில் வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் இனத்தாரை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 19ஆம் தேதி ஜப்பானியர் வந்து இறங்கும் வரையில் நகரத்துக்கு அரசாங்கமே இல்லை. கிட்டங்கிகள் உடைக்கப்பட்டுச் சூறை போயின. பூட்டு எவ்வளவு பெரிதானாலும் அதன் பலம் வெளியே இருக்கும் ஒழுங்கில்தான் இருக்கிறது என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின.

பின்னர் 1969இல் தீர்வையற்ற துறைமுகம் என்ற அந்தஸ்து போயிற்று. இரும்புப் பெட்டிக் கப்பல்கள் வந்தன. பெட்டியே கிட்டங்கி ஆகிவிட்டதால், கரையோரத்துப் பழைய அறைகளுக்கு வேலை குறைந்தது. வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997இல் நிறைவேறி, 2000 ஜனவரி முதல் பழைய வாடகை ஒழிந்தது. தலைமுறையாகக் குறைந்த வாடகையில் சரக்கு அடுக்கி வந்தவர்கள் பலர் இடம் விட்டார்கள். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. இன்று பழைய கிட்டங்கிகளில் காப்பிக் கடையும் விடுதியும் நடக்கின்றன. விடுதிக்கு இக்கால அரபியில் பொந்துக்கு என்றே பெயர் என்பதை நினைத்தால், இதில் கோபிக்கவும் தோன்றவில்லை. வாசனை மட்டும் மாறிவிட்டது.

யாருக்காகச் சேமிப்பது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. முன்னே சொன்ன மினாங்கபாவ் நெல் வீடுகள் ஒன்றல்ல, பல. அன்றாடச் சாப்பாட்டுக்கு ஒன்று. விற்றுச் சாமான் வாங்க ஒன்று. சித்தங்கா லாப்பா என்று ஒன்று. லாப்பா என்றால் பசி. அது பஞ்சத்துக்கும் ஏழைக்கும் உரியது. ஒரே குடும்பத்து நெல்தான், கணக்கு வேறு. சீனாவில் கிறிஸ்து பிறப்பதற்கு 54 வருஷம் முன்பே, விலை இறங்கும்போது அரசாங்கம் தானியம் வாங்கி வைத்து, ஏறும்போது குறைத்து விற்கும் களஞ்சியங்களை ஏற்படுத்தினார்கள். பஞ்ச காலத்தில் கீழக்கரைச் சீதக்காதி வள்ளல், நெல்லும் பொன்னும் சரி எடைக்கு நின்ற வேளையிலும் சோறிட்டார் என்ற புகழ் 17ஆம் நூற்றாண்டிலிருந்து நம் கரையில் நிலைத்து வருகிறது.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு பாட்னாவில் ஒரு சாட்சி நிற்கிறது. 1770ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்துக்குப் பின், இனி பஞ்சமே வராதபடி களஞ்சியங்கள் கட்டுவதென்று வாரன் ஹேஸ்டிங்ஸ் உத்தரவிட, காப்டன் கார்ஸ்டின் 1786இல் கோல்கர் என்னும் கட்டடத்தை முடித்தார். கவிழ்த்த பானை போன்ற உருவம். 29 மீட்டர் உயரம். வெளியே வளைந்து ஏறும் 145 படிகள். உச்சித் துவாரத்தின் வழியாகத் தானியம் கொட்ட வேண்டும். கட்டியவர் காவலை நினைத்தார். யார் வாங்கி நிரப்புவது, எப்போது யாருக்குத் திறப்பது என்ற கணக்கு இல்லை. அது ஒரு போதும் முழுதாக நிரம்பியதில்லை. பிற்காலத்தில் பிரயாணிகள் ஏறி கங்கையைப் பார்த்தார்கள். அதே வங்காளத்தில் 1943இல் நேர்மாறு: அரிசி இருந்த கிட்டங்கிகள் விலை ஏறக் காத்துப் பூட்டிக் கிடக்க, இலட்சக் கணக்கானோர் மாண்டனர். யுத்தமும் அரசாங்கத்தின் அலட்சியமும் பெரிய காரணங்கள்தாம். ஆனாலும் வியாபாரியின் பூட்டும் அதில் சேர்ந்தது என்பதை மறைக்கக் கூடாது.

இந்தப் பூட்டுக்குத்தான் மார்க்கத்தில் இஹ்திகார் என்று பெயர். பதுக்குபவனைப் பாவி என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆனால் எல்லாச் சேமிப்பும் பதுக்கல் அன்று. அப்படியானால் நாம் கிட்டங்கியே வைக்க முடியாது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஷாபி மத்ஹபின் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: உணவுப் பொருளை விலை ஏறியிருக்கும் காலத்தில் வியாபாரத்துக்கென வாங்கி, உடனே விற்காமல் இன்னும் ஏறட்டும் என்று பூட்டி வைப்பதே ஹராம். மலிவான காலத்தில் வாங்கி வைத்ததும், தன் நிலத்தில் விளைந்ததும் அதில் சேராது. ஹனபி இமாம்களில் அபூயூசுப் (ரஹ்) அவர்களோ, எந்தப் பொருளைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தொல்லை உண்டாகுமோ அதெல்லாம் இஹ்திகார் என்றார்கள். நம்மில் ஷாபியும் உண்டு, ஹனபியும் உண்டு. மலேசிய அரசாங்கத்துக்கும் 1961ஆம் வருஷத்துச் சரக்கு வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதை லைசென்ஸ்காரர் எல்லாரும் அறிவர்.

2019 செப்டம்பர் 29ஆம் தேதி இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அன்று நமது கிட்டங்கியில், தடைக்கு முன் சாதாரண விலையில் வாங்கிய பெரிய வெங்காயம் ஐம்பது மூட்டைக்கு மேல் இருந்தது. மறுநாள் காலையே நண்பர் ஒருவர் போன் செய்து, "ரெண்டு வாரம் கதவைத் தொறக்காதீங்க பாய், அல்லாஹ் கொடுத்த ரிஸ்க்கு" என்றார். நாமும் தொறக்கவில்லை. மலிவில் வாங்கியதுதானே, ஷாபி மத்ஹபில் குற்றமில்லை என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னோம். நாசிக்கில் விவசாயிகள் வெங்காயத்துக்கென்று தரையை உயர்த்தி, பக்கச் சுவரெல்லாம் இடைவெளி விட்டுக் கட்டும் சால் என்ற கொட்டகையில் அது பல மாதம் நிற்கும். நம் பினாங்குப் புழுக்கத்தில், பூட்டிய கிட்டங்கியில் நிற்குமா?

ஐந்தாம் நாள் இரவு, தினம் இரண்டு கிலோ வாங்கி ரொட்டிச்சானாய்க் கடைக்குக் குழம்பு வைக்கும் ஓர் அம்மா வந்து, வெங்காயம் இல்லையா என்று கேட்டார். இல்லை என்று சொன்னோம். அந்தப் பொய் வாயை விட்டுப் போன பிறகு தூக்கம் வரவில்லை. காலையில் கதவைத் திறந்தோம். வாடை முகத்தில் அடித்தது. நான்கு மூட்டை அழுகி அடியிலிருந்து தண்ணீர் விட்டிருந்தது. அதை அடுத்த மூட்டைகளிலும் முளை கிளம்பியிருந்தது. நல்லதைப் பொறுக்கிப் பிரித்து, புதுக் கொள்முதலுக்கு ஈடு செய்யும் அளவு சிறிது ஏற்றி, ஆளுக்கு மூன்று கிலோ என்று வைத்து விற்றோம். அந்த அம்மாவுக்குப் பழைய விலை. அவர் காரணம் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 8இல் மறுபடி அதே தடை வந்தபோது, முதல் நாளே அளவு கட்டி விற்கத் தொடங்கிவிட்டோம்.

ஆனால் மஸ்அலா தீரவில்லை. இஹ்திகார் என்பது பிரதான உணவுக்கு, அதாவது கூத்துக்கு மட்டும் என்று ஷாபி கிதாபுகள் கூறுகின்றன. அரிசி, கோதுமை, பேரீச்சம்பழம் அதில் சேரும் என்பது தெரிகிறது. வெங்காயமும் பருப்பும் சமையல் எண்ணெயும் இன்றி இந்நாட்டில் எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது? அவை கூத்தில் சேருமா, சேராதா? தடை வருமுன் மலிவில் வாங்கியதைத் தடை வந்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம்? சங்கத்து உலமாப் பெருமக்களுள் யாரேனும் ஆதாரத்துடன் அடுத்த இதழில் எழுதினால் வியாபாரிகள் எல்லாருக்கும் உபகாரமாக இருக்கும்.